வந்த செய்தி சேர்ந்ததா?

மின்னஞ்சலையும் கைத்தொலைபேசிச் செய்தியையும் இணைக்கும் தானியங்கி ஒழுங்குகள்

1850-ஆம் ஆண்டிலே கொழும்பில் வெளிவந்துகொண்டிருந்த ‘சிலோன் ஒப்சேவர்’ என்னும் ஆங்கிலப் பத்திரிகை விநோதமானதோர் ஏற்பாட்டைச் செய்தது. ஐரோப்பாவிலிருந்து தபால் சுமந்துவந்த கப்பல்கள் அக்காலத்தில் காலித் துறைமுகத்திலேயே தரித்தன. காலியிலிருந்து கொழும்புக்கு ஏறக்குறைய 70 மைல் தூரம். புகையிரதப் பாதை இல்லை, தந்தியும் இல்லை. தபாற் பொதிகள் குதிரை வண்டியேறித் தெருவழியே வந்து சேரவேண்டும். ஆகவே அப்பத்திரிகையார் காலியிலே தம் ஆள் ஒருவரை வைத்தனர். கப்பலில் வந்த செய்திகளுள் முக்கியமானவற்றை மாத்திரம் பொறுக்கி, அவற்றைச் சிறு தாளிலே சுருக்கி எழுதிப் புறாவின் வசம் அனுப்பிவிடுவது அவருடைய வேலை. பொதிகள் தெருவிலே உருண்டு வரும்போதே செய்தி கொழும்பிலே அச்சேறிவிடும். சில ஆண்டுகளின் பின் காலிக்கும் கொழும்புக்குமிடையே தந்திக் கம்பி கட்டப்பட்டது; புறாக்களுக்கும் ஓய்வு கிடைத்தது.

இவ்வேற்பாட்டைச் சற்று ஊன்றி நோக்குவோர்க்கு, அதிலே மூன்று அங்கங்கள் இருப்பது புலப்படும். கப்பல் வருதல் ஒன்று. வந்தவற்றுள் விரைந்து போகவேண்டியது எது எனத் தெரிந்தெடுத்தல் மற்றொன்று. புறாவைப் பறக்கவிடுதல் மூன்றாவது. இன்று மின்னஞ்சலை வட்ஸ்அப், டெலிகிராம் முதலிய செய்திச் செயலிகளோடு இணைத்து, மனிதர் கைபடாமலே ஓடவிடப்படும் வேலைத்தொடர்கள் யாவும் இந்த மூன்று அங்கங்களால் ஆனவையே. கப்பலின் இடத்திலே மின்னஞ்சல் இருக்கிறது. புறாவின் இடத்திலே கைத்தொலைபேசிச் செய்தி இருக்கிறது. காலியிலே இருந்த அந்த மனிதரின் இடத்திலேதான் இன்று மனிதர் இல்லை. ஒரு விதி இருக்கிறது. அந்த விதியை எழுதுவது யார், எழுதுவோர் அறிந்திருக்க வேண்டுவன யாவை என்பதே இக்கட்டுரையின் பொருள்.

இரு வேறு குணங்கள்

மின்னஞ்சலும் கைத்தொலைபேசிச் செய்தியும் ஒரே குடும்பத்துப் பிள்ளைகள் போலத் தோன்றினும், அவற்றின் குணங்கள் வெவ்வேறானவை.

ஒரு கணினியிலிருந்து மற்றொரு கணினிக்கு வலையமைப்பின் வழியாக மின்னஞ்சல் அனுப்பும் முறையை, 1971-ஆம் ஆண்டில் அமெரிக்காவிலே ரே ரொம்லின்சன் என்பவர் அமைத்தார். பெயரையும் இடத்தையும் பிரித்துக்காட்ட இன்று நாம் இடும் சுழிக்குறியைத் தெரிந்தெடுத்தவரும் அவரே. 1982-இல் மின்னஞ்சல் அனுப்பும் பொதுவிதிகள் வகுக்கப்பெற்றன. அவ்விதிகள் எந்த ஒரு நிறுவனத்துக்கும் சொந்தமானவை அல்ல. ஆதலால் எந்த நிறுவனத்தின் கணக்கை உடையவரும் வேறெந்த நிறுவனத்தின் கணக்கை உடையவருக்கும் எழுதலாம். கடிதம் நீளமாக இருக்கலாம், பத்திரங்களை இணைக்கலாம், பல ஆண்டுகளுக்குப் பின்னரும் தேடி எடுக்கலாம். இவை மின்னஞ்சலின் சிறப்புகள். அதன் குறையோ, பெட்டியிலே விழுந்து, உரியவர் வந்து திறக்கும்வரை பொறுமையோடு கிடப்பதேயாம்.

கைத்தொலைபேசிக் குறுஞ்செய்தி 1992 டிசெம்பர் 3-ஆந் திகதி பிறந்தது. இங்கிலாந்திலே நீல் பப்வேர்த் என்னும் இளம் பொறியியலாளர் கணினியிலிருந்து ஒரு கைத்தொலைபேசிக்கு நத்தார் வாழ்த்தொன்றை அனுப்பினார். 2009-இல் வட்ஸ்அப்பும், 2013-இல் டெலிகிராமும், அலுவலகங்களுக்கென ஸ்லாக்கும் தோன்றின. இவை பெட்டியிலே கிடப்பதில்லை. கையிலே வந்து ஒலிக்கின்றன. எனினும் ஒவ்வொன்றும் தன்னைச் சுற்றி மதில் எழுப்பிக்கொண்டது. வட்ஸ்அப்பில் இருப்பவர் டெலிகிராமில் இருப்பவருக்கு நேரே எழுத இயலாது. அம்மதில்களிலே வாயில் வைக்கவேண்டும் என்று ஐரோப்பிய ஒன்றியம் 2022-இல் சட்டம் இயற்றவேண்டி வந்ததென்றால், அவற்றின் உயரத்தை வாசகர்கள் ஊகித்துக்கொள்ளலாம்.

இக்குண வேற்றுமையால் விளைந்த சங்கடம் நம் வீடுகளிலே அன்றாடம் காணப்படுவதொன்று. கந்தோர்கள் மின்னஞ்சலிலே எழுதுகின்றன. குடும்பங்கள் கைத்தொலைபேசிச் செய்தியிலே வாசிக்கின்றன. பல்கலைக்கழகம் மாணவருக்கு அனுப்பும் அறிவித்தலும், வங்கி அனுப்பும் கணக்குக் கூற்றும், வைத்தியசாலை அனுப்பும் சந்திப்பு நேரமும் மின்னஞ்சற் பெட்டியில் வந்துவிட்டன. ஆனால் வாசிக்கவேண்டியவரை அவை சேரவில்லை. வருதல் வேறு, சேருதல் வேறு என்பது இதனாற் பெறப்படும்.

நடுவில் இருந்த கை

இவ்விடைவெளி புதியதன்று. இருபதாம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் உலகின் பெரிய தந்தி நிலையங்களிலே, வந்த செய்தியை யந்திரம் ஒரு நீண்ட காகித நாடாவிலே துளைகளாகப் பதிக்கும். அங்கு நிற்கும் ஊழியர் நாடாவைக் கிழித்து, அது எவ்வூருக்குரியது எனப் பார்த்து, அவ்வூர்க் கம்பியோடு இணைந்த வேறொரு யந்திரத்திலே கொண்டுபோய்ச் செருகுவார். இரண்டு யந்திரங்களையும் இணைத்தவை ஒரு மனிதரின் கண்ணும் கையுமேயாம். பின்னர், செய்தியின் தலைப்பிலுள்ள ஊர்க்குறியை யந்திரமே வாசித்து உரிய வழியில் திருப்பிவிடும் ஏற்பாடு வந்தது.

மின்னஞ்சல் உலகிலும் வரலாறு இவ்வாறே நடந்தது. 1990-இல் வெளிவந்த ‘புரொக்மெயில்’ என்னும் மென்பொருள், வரும் கடிதங்களை விதிப்படி பிரித்து வெவ்வேறு பெட்டிகளில் இட்டது. வேண்டுமாயின் வேறொருவருக்கு அனுப்பியும் வைத்தது. ஆனால் அவ்விதிகளை எழுதுவதற்குக் கணினி மொழியிலே பயிற்சி வேண்டியிருந்தது. 2011-இல் பொதுமக்களுக்குத் திறக்கப்பட்ட ‘இஃப்ட்’ என்னும் சேவை இந்நிலையை மாற்றியது. அதன் பெயரே ‘இது நடந்தால் அது செய்’ என்னும் பொருளுடைய ஆங்கிலத் தொடரின் முதலெழுத்துகளால் ஆனது. அதே ஆண்டில் அமெரிக்காவின் மிசூரி மாநிலத்திலே மூன்று இளைஞர் ‘ஸேப்பியர்’ நிறுவனத்தைத் தொடங்கினர். 2019-இல் ஜேர்மனியின் பேர்லின் நகரிலிருந்து ‘என்-எயிட்-என்’ வெளிவந்தது. இதனை மாணவர் தம் சொந்தக் கணினியிலேயே நிறுவி ஓட்டிப் பழகலாம். பெட்டிகளைக் கோட்டினால் இணைத்துப் படம் வரைவதுபோல விதிகளை அமைத்துவிடலாம். கணினி மொழி அறிந்திருத்தல் அவசியமன்று.

ஒரு பாடசாலையின் விதி

விளக்கத்தின் பொருட்டு ஒரு பாடசாலையை எடுத்துக்கொள்வோம். வலயக் கல்விப் பணிமனையிலிருந்து அதிபருக்கு நாள்தோறும் மின்னஞ்சல்கள் வருகின்றன. அவற்றுட் சில சுற்றுநிருபங்கள். சில கணக்கு விபரங்கள். சில மட்டுமே பெற்றோர் அறியவேண்டியவை. பெற்றோருக்கென டெலிகிராமில் ஒரு குழு இருக்கிறது எனக் கொள்க. 2015-ஆம் ஆண்டு முதல் டெலிகிராம் ‘பொட்’ எனப்படும் யந்திர உறுப்பினரை அனுமதிக்கின்றது. அவ்வுறுப்பினரை உண்டாக்குவோருக்கு நீண்டதோர் இரகசியச் சாவி கொடுக்கப்படும். அச்சாவியை வேலைத்தொடரிலே இட்டுவிட்டால், அது பொட்டின் வாயினாற் பேசும்.

இனி விதியை எழுதவேண்டும். ‘பணிமனையின் முகவரியிலிருந்து கடிதம் வந்தால், அதன் தலைப்பில் விடுமுறை என்ற சொல் அடங்கியிருந்தால், அத்தலைப்பையும் முதற் பந்தியையும் பெற்றோர் குழுவுக்கு அனுப்புக.’ படிப்பதற்கு இது குறையற்ற விதியாகவே தோன்றும். ஆனால் ‘நாளை விடுமுறை இல்லை’ என்னும் தலைப்பிலும் அச்சொல் அடங்கியிருக்கிறது. ‘ஆசிரியர் விடுமுறைப் படிவங்கள்’ என்னும் தலைப்பிலும் அடங்கியிருக்கிறது. யந்திரம் சொல்லைப் பார்க்குமேயன்றிப் பொருளைப் பார்ப்பதில்லை.

தமிழிலே விதி எழுதுவோர்க்கு வேறொரு தொல்லையும் உண்டு. ஆங்கிலச் சொற்கள் வேற்றுமைக்கு ஏற்ப அதிகம் உருமாறுவதில்லை. நம் சொற்கள் மாறுகின்றன. ‘கூட்டம்’ என்னும் சொல்லைத் தேடச் சொன்னால், ‘பெற்றோர் கூட்டத்துக்கு வருக’ என்னும் தலைப்பை யந்திரம் விட்டுவிடும். ஏனெனில் ‘கூட்டத்துக்கு’ என்பதிலே இறுதி மகரம் கெட்டு அத்துச் சாரியை வந்துவிட்டது. இதனை அறிந்து ‘கூட்ட’ என்னும் பகுதியை மட்டும் தேடச் சொன்னாலோ, ‘கூட்டல் கணக்குப் பயிற்சி’யும் பெற்றோருக்குப் போய்ச் சேரும். பள்ளியிலே இலக்கண பாடத்தைச் சலிப்போடு படித்த மாணவர்க்கு, சாரியையும் சந்தியும் கணினி வேலைக்கு உதவும் என்பது புதுமையாக இருக்கக்கூடும்.

இதற்குச் சிறந்த பரிகாரம் யந்திரத்தைச் சாமர்த்தியமாக்குவதன்று. மனிதரை ஓரிடத்திலே நிறுத்திவைப்பதாகும். அதிபர் தாம் பெற்றோருக்கு அனுப்ப விரும்பும் கடிதத்துக்குத் தம் கையாலே ஓர் அடையாளம் இடுவார். அந்த அடையாளம் இடப்பட்டதும் யந்திரம் எஞ்சிய வேலையைச் செய்யும். தெரிந்தெடுப்பது மனிதர், தூக்கிச் செல்வது யந்திரம். காலியிலே புறா வளர்த்தோர் செய்ததும் இதுவே. பொறுக்கும் வேலையைப் புறாவிடம் அவர்கள் ஒப்படைக்கவில்லை. கடிதத்தை வாசித்துப் பொருளறியும் செயற்கை நுண்ணறிவு இன்று வேலைத்தொடர்களிலே புகுந்திருப்பது உண்மையே. அது சொற்பொறியைவிடப் பன்மடங்கு திறமையுடையது. எனினும் தவறே செய்யாதது அன்று. பரீட்சைத் திகதியைப் பெற்றோருக்கு அறிவிக்கும் கடிதம், அனுப்பப்படுமுன் ஒருமுறையேனும் மனிதர் கண்ணிற் படுதல் நன்று.

வட்ஸ்அப் விஷயத்தில் இன்னுமொரு நிபந்தனை உண்டு. நிறுவனங்கள் யந்திர முறையிலே செய்தி அனுப்புவதற்கு 2018-இல் அது தனி வாயில் திறந்தது. அவ்வாயிலாற் செல்வோர், பெறுபவரின் சம்மதத்தை முன்னரே பெற்றிருக்கவேண்டும். பெறுபவர் இறுதியாக எழுதி 24 மணித்தியாலங்கள் கடந்துவிட்டால், முன்கூட்டியே அங்கீகரிக்கப்பட்ட வாசகங்களையே அனுப்பலாம். இவ்வாயிலை விடுத்துக் குறுக்கு வழியாற் செல்லும் கருவிகளை நம்புவோர், தம் இலக்கமே தடைசெய்யப்படும் அபாயத்துக்கு உள்ளாவர்.

கேட்டுப் போதலும் கொண்டு வருதலும்

வேலைத்தொடரொன்று புதிய கடிதம் வந்திருப்பதை எவ்வாறு அறிகின்றது? இதற்கு இரண்டு வழிகள் உள்ளன. கிராமத்துத் தபாற் கந்தோருக்கு நாள்தோறும் நடந்து சென்று, ‘எனக்குக் கடிதம் ஏதேனும் உண்டோ?’ என்று கேட்பது ஒரு வழி. தபாற்காரர் சைக்கிளிலே வந்து படலையில் மணி அடிப்பது மற்ற வழி. யந்திரங்களும் அவ்வாறே. சில வேலைத்தொடர்கள் குறித்த சில நிமிடங்களுக்கு ஒருமுறை பெட்டியைச் சென்று பார்க்கின்றன. வேறு சிலவற்றுக்குப் பெட்டியே ஆள் அனுப்பிச் சொல்லுகின்றது. இவ்வாறு அழைத்துச் சொல்லும் முறைக்கு 2007-இல் ஜெவ் லின்ட்சே என்னும் மென்பொருளாளர் ‘வெப்ஹூக்’ எனப் பெயரிட்டார்.

இலவசமாகக் கிடைக்கும் சேவைகள் பலவும் முதல் வழியையே பின்பற்றுகின்றன. கேட்கும் இடைவெளி கால் மணித்தியாலமாகவும் இருக்கலாம். கூட்ட அறிவித்தல் கால் மணித்தியாலம் பிந்தினால் எவருக்கும் நட்டமில்லை. ஆனால் எல்லாச் செய்தியும் அத்தகையதன்று. கால் மணித்தியாலத்தின் பெறுமதியை இந்நாடு பெருவிலை கொடுத்து அறிந்திருக்கிறது.

2004 டிசெம்பர் 26

அன்று ஞாயிற்றுக்கிழமை. அக்கால இலங்கை நேரப்படி காலை 6 மணி 58 நிமிடமளவில் சுமாத்திராத் தீவுக்கு அப்பால் கடலடியிலே பெரும் பூகம்பம் நிகழ்ந்தது. 15 நிமிடங்களில் ஹவாய்த் தீவிலுள்ள பசிபிக் சுனாமி எச்சரிக்கை நிலையம் தனது முதலாவது அறிக்கையை அனுப்பியது. பசிபிக் சமுத்திரக் கரைகளுக்கு ஆபத்தில்லை என்பதே அதன் சாரம். பூகம்பம் நிகழ்ந்து ஏறக்குறைய 65 நிமிடங்களில் இரண்டாவது அறிக்கை சென்றது. பூகம்ப மையத்தை அண்டிய இடங்களில் சுனாமி தோன்றக்கூடும் என அது கூறியது. அனுப்பவேண்டிய முகவரிகளின் பட்டியல் பசிபிக் நாடுகளுக்கென வகுக்கப்பட்டது. இந்து சமுத்திரக் கரையிலுள்ள நாடுகளுக்கு எச்சரிக்கை அனுப்பும் ஒழுங்கு அப்போது இருக்கவில்லை. பூகம்பத்துக்கும் கிழக்கிலங்கைக் கரையிலே முதலாவது அலை மோதியதற்கும் இடையே சுமார் இரண்டு மணித்தியாலம் இருந்தது. அந்த அவகாசத்திலே செய்தி உலகில் இருந்தது. உரிய இடத்தைச் சேரவில்லை. இத்தீவிலே 30,000-க்கும் மேற்பட்டோர் மாண்டனர்.

அன்று காலை கொழும்பிலிருந்து மாத்தறைக்குச் சென்ற புகையிரதத்தின் கதையும் இதனையே உரைக்கின்றது. கரையோரத்தில் கடல் பெருகிவருவதை அறிந்த புகையிரத அதிகாரிகள் அப்பாதையிலே வேறு வண்டிகளை நிறுத்திவிட்டனர். இவ்வண்டியை அம்பலாங்கொடை நிலையத்தில் நிறுத்த முயன்றனர். தொலைபேசி ஒலித்தவேளையில் நிலையத்து ஊழியர்கள் யாவரும் வண்டியின் அலுவலிலே ஈடுபட்டிருந்தனர். அழைப்பை ஏற்க ஆள் வந்தபோது வண்டி புறப்பட்டுவிட்டது. பெரேலியாவிலே அலை அதனை மூடியது. ஆயிரத்துக்கும் மேற்பட்டோர் உயிரிழந்தனர். இதிலே எவர்மீதும் பழி சுமத்துவதற்கு இல்லை. ஒரே வழியை மாத்திரம் நம்பியிருந்த செய்தி, அவ்வழியின் முடிவிலே கை ஒன்று காத்திருக்கவில்லையாயின் கெட்டுவிடும் என்பதே நாம் அறியவேண்டியது.

அதன் பின்னர் நாடும் உலகமும் சும்மா இருக்கவில்லை. 2005-இல் இலங்கையிலே அனர்த்த முகாமைத்துவச் சட்டம் நிறைவேற்றப்பட்டது. இந்து சமுத்திரத்துக்கெனத் தனி எச்சரிக்கை ஒழுங்கு உருவாயிற்று. 2009-இல் அனர்த்த முகாமைத்துவ நிலையத்தோடு டயலொக் நிறுவனமும் மொறட்டுவைப் பல்கலைக்கழகமும் சேர்ந்து, கைத்தொலைபேசி வழியாக எச்சரிக்கை பரப்பும் வலையமைப்பொன்றைத் தொடங்கின. 2012 ஏப்ரில் 11-ஆந் திகதி சுமாத்திராவுக்கு அப்பால் மீண்டும் பெரிய பூகம்பம் நிகழ்ந்தபோது எச்சரிக்கை கரையை எட்டியது. கரையோர மக்கள் மேட்டு நிலங்களுக்குச் சென்றனர். அன்று பேரலை வரவில்லை. செய்தி வந்தது.

இத்தகைய எச்சரிக்கைகளுக்கென 2004-இலேயே உலகப் பொதுவான ஓர் எழுத்து முறை வகுக்கப்பட்டிருந்தது. ‘பொது எச்சரிக்கை நெறிமுறை’ என அதனைத் தமிழிற் கூறலாம். என்ன ஆபத்து, எவ்வளவு அவசரம், எத்துணைக் கடுமை, எவ்வளவு நிச்சயம், எப்பிரதேசம் என்பவற்றைத் தனித்தனிக் கட்டங்களிலே ஒருமுறை எழுதினாற் போதும். அதே எழுத்தை மின்னஞ்சலும், குறுஞ்செய்தியும், வானொலி நிலையமும், கடற்கரைச் சங்கொலியும் தத்தமக்கு வேண்டியவாறு எடுத்துக்கொள்ளும். ஒரு வழி அடைபட்டாலும் மறுவழி திறந்திருக்கும். அதிலே மொழிக்கும் ஓர் இடம் உண்டு. ஒரே எச்சரிக்கையினுள் சிங்களம், தமிழ், ஆங்கிலம் ஆகிய மூன்றையும் அடுத்தடுத்து வைக்கலாம். ஆனால் தமிழ்ப் பகுதியை யாரேனும் எழுதிவைத்தாற்றான் யந்திரம் அதனைக் கொண்டுசெல்லும். எழுதப்படாத வாக்கியத்தை எந்த வேலைத்தொடரும் சுமப்பதில்லை.

மூன்று ஆபத்துகள்

பாடசாலையிலோ வீட்டிலோ இத்தகைய ஒழுங்குகளை அமைப்போர் மூன்று ஆபத்துகளை நினைவில் வைத்திருத்தல் வேண்டும்.

முதலாவது மௌனம். கடவுச்சொல் மாற்றப்பட்டாலும், அனுமதியின் தவணை முடிந்தாலும், பணிமனை தன் முகவரியை மாற்றினாலும் வேலைத்தொடர் நின்றுபோகக்கூடும். தபாற்காரர் ஒரு வாரம் வராவிடின் ஊரார் விசாரிப்பர். யந்திரம் வராவிடின், ‘இவ்வாரம் செய்தி இல்லைப் போலும்’ என எண்ணிவிடுவர். அறிந்தோர் இதற்கு ஓர் உபாயம் செய்வதுண்டு. செய்தி இல்லாத நாளிலும் குறித்த நேரத்தில், ‘இன்று அறிவித்தல் எதுவும் இல்லை’ என்று யந்திரம் ஒரு வரி அனுப்பும்படி விதிப்பர். அவ்வரி வராத நாளிலே, அறுந்தது கம்பி என்பது விளங்கிவிடும்.

இரண்டாவது, முடிவின்றிச் சுழலும் சங்கிலி. ஒருவர் விடுமுறையிலே செல்லும்போது, ‘நான் ஊரில் இல்லை’ எனத் தானாகப் பதில் எழுதும் ஏற்பாட்டைச் செய்துவிட்டுச் செல்கின்றார். அவருக்கு எழுதியவரும் அவ்வாறே செய்திருக்கின்றார். முதலாவது யந்திரத்தின் பதிலுக்கு இரண்டாவது யந்திரம் பதில் எழுதும். அதற்கு முதலாவது மறுபதில் எழுதும். வீட்டிலே ஆளில்லாத இரு அயலார், மதிலுக்கு மேலாக ஓயாது நலம் விசாரித்துக்கொள்வது போன்றது இது. பழைய யூனிக்ஸ் கணினிகளிலிருந்த விடுமுறைப் பதில் மென்பொருள், ஒருவருக்கு ஒரு வாரத்தில் ஒருமுறைக்கு மேல் பதில் அனுப்பாதபடி அமைக்கப்பட்டிருந்தது. யந்திரம் எழுதிய கடிதத்திலே அதனை உணர்த்தும் குறிப்பு இருக்கவேண்டும் என்றும், அத்தகைய கடிதத்துக்கு யந்திரம் பதிலெழுதலாகாது என்றும் 2004-இல் வகுக்கப்பட்ட இணைய விதிகள் கூறுகின்றன. மின்னஞ்சலைச் செய்திச் செயலிக்கும், செய்திச் செயலியை மீண்டும் மின்னஞ்சலுக்கும் இணைப்போர் இதனை மறந்தால், ஓரிரவிலே பல்லாயிரம் செய்திகள் குவிந்துவிடும்.

மூன்றாவது சாவி. இரண்டு வீடுகளுக்கிடையே வேலையாள் போய்வர வேண்டுமாயின், இரண்டு வீட்டுச் சாவியும் அவர் கையில் இருக்கவேண்டும். வேலைத்தொடர்ச் சேவைகளின் நிலையும் அதுவே. கடவுச்சொல்லையே கொடுத்துவிடாமல், குறித்த வேலைக்கு மட்டுமான அனுமதியைக் கொடுக்கும் முறை 2012-இல் உலகப் பொது விதியாக வெளியிடப்பட்டது. ஆயினும் நம்மிற் பலர், ‘சம்மதம்’ என்னும் பொத்தானை வாசியாமலே அழுத்திவிடுகின்றோம். ஒரே ஒரு முகவரியிலிருந்து வரும் கடிதத்தை அனுப்புவதற்காக, பெட்டி முழுவதையும் வாசிக்கும் உரிமையை அந்நியருக்குக் கொடுத்துவிடுகின்றோம். 2016 முதல் வட்ஸ்அப் உரையாடல்கள் அனுப்புவோரும் பெறுவோரும் அன்றி இடையிலுள்ளோர் வாசியாதவாறு பூட்டப்பட்டே செல்கின்றன. ஆனால் நடுவிலே ஒரு வேலைத்தொடரை வைத்தோமாயின், அவ்விடத்தில் உறை கிழிக்கப்படுகின்றது என்பதை உணரவேண்டும். வங்கி அனுப்பும் ஒருமுறைக் குறியீட்டு இலக்கம், வைத்தியப் பரிசோதனை முடிவு, பிள்ளைகளின் விபரம் ஆகியவற்றை எவ்வித வேலைத்தொடரிலும் செலுத்துதல் ஆகாது. உபயோகியாத அனுமதிகளை ஆறு மாதத்துக்கு ஒருமுறையேனும் திரும்பப் பெற்றுவிடுதல் வீட்டைப் பூட்டிவைப்பதற்கு ஒப்பான கடமையாகும்.

எதனை ஒப்படைப்பது?

இவ்வளவும் கூறியது, இவ்வசதியை வேண்டாமென்று தள்ளிவைப்பதற்கன்று. மின்கட்டணப் பற்றுச்சீட்டு வந்ததும் குடும்பக் குழுவுக்கு ஒரு வரி போவது நன்று. வெளிநாட்டிலிருக்கும் பிள்ளையின் விமானப் பயணச்சீட்டு விபரம் தாயின் கைத்தொலைபேசியில் ஒலிப்பது நன்று. சனசமூக நிலையத்துக்கு வரும் அறிவித்தல், மின்னஞ்சலே திறந்தறியாத முதியோரையும் எட்டுவது மிக நன்று. ஒரே மாதிரியாகத் திரும்பத் திரும்ப வருவனவும், தாமதித்தால் நட்டம் விளைப்பனவும், பிறர் அறிந்தாற் பாதகம் இல்லாதனவும் யந்திரத்திடம் ஒப்படைக்கத் தக்கவை.

ஒருவர் இறந்த செய்திக்கு அனுதாபமும், பரீட்சையிலே தவறிய பிள்ளைக்கு ஆறுதலும், நெடுநாட் பிரிந்திருந்த உறவினருக்கு முதல் வார்த்தையும் அவ்வகையைச் சேர்ந்தன அல்ல. அனுதாபத்தின் பெறுமதி அதன் சொற்களில் மட்டும் இல்லை; ஒருவர் தம் நேரத்தைச் செலவிட்டு எழுதினார் என்பதிலும் இருக்கின்றது. யந்திரத்துக்குச் செலவிட நேரம் என ஒன்று இல்லை.

முதன்முறையாக வேலைத்தொடர் அமைக்க விரும்பும் மாணவர், சிறியதொன்றிலே தொடங்குக. தமக்குத் தாமே அனுப்பும் செய்தியாக முதலில் ஒரு வாரம் ஓடவிடுக. எவை தப்பிப்போயின, எவை தேவையின்றி வந்தன எனக் குறித்துவைத்து விதியைத் திருத்துக. அதன் பின்னரே பிறர் கைத்தொலைபேசிக்கு வழி திறக்கலாம். திறந்த பின்பும், அவசரமான செய்தியாயின், அனுப்பியதோடு அமைந்துவிடாது பெற்றவரிடமிருந்து ‘கிடைத்தது’ என்னும் ஒரு சொல் வரும்வரை காத்திருத்தல் வேண்டும். அச்சொல் வரவில்லையாயின், வேலைத்தொடரை நம்பியிராமல் தொலைபேசியை எடுத்து அழைப்பதோ, அயல் வீடாயின் நடந்து சென்று படலையைத் தட்டுவதோ நம் கடமையாகும்.